கிழக்கே சேறு, போக வேண்டாம்

என் வீட்டுக்காரிக்குப் படகு ஆகாது. கட்டிப்போட்ட படகில் ஏறி நின்றாலே ஐந்து நிமிஷத்தில் முகம் வெளுத்துவிடும். மீன் பிடிக்கவும் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை தூண்டில் வீசினாள். அது நேராக வந்து என் சட்டைக் காலரில் மாட்டியது, அதோடு சரி. இப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் வளைகுடாவில் மீன் பிடிக்கப் போகிற அத்தனை பேரும் விடிந்ததும் வந்து, "இன்னிக்கு தண்ணி எப்படிக்கா?" என்று கேட்பார்கள். நான் பக்கத்துக் கொட்டகையில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன். முப்பது வருஷமாக அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிறேன். என்னிடம் ஒரு பயல் கேட்டதில்லை. சரி, போகட்டும்.

அவளுடையது இரைக் கடை. படகுத்துறைக்குள் நுழைகிற இடத்தில், பத்தடிக்கு எட்டடியில் ஒரு அறை. உள்ளே போனால் இடது பக்கம் உயிர் இறால் தொட்டி, அதில் காற்றுக் குழாய் இரவும் பகலும் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். வலது பக்கம் கணவாய் வைக்கிற ஃப்ரீசர். எதிரே கொக்கிகளும் தூண்டில் நரம்புச் சுருள்களும் தொங்கும். தூண்டிலில் கனத்துக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை அளவு வாரியாக ஜாம் பாட்டில்களில் போட்டு வரிசையாக வைத்திருப்பாள். கடைக்கு வெளியே ஒரு குழாய், சிமெண்ட் மேடை. பிடித்த மீனை எல்லாரும் அங்கேதான் அறுத்துக் கழுவுவார்கள். எல்லாம் கடை ஜன்னலிலிருந்து கை எட்டுகிற தூரம்தான்.

கடை வாசலில் ஒரு பலகை நிற்கும். அது வந்ததே கோபத்தில்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. ஆனால் ஆள் மாற்றி ஆள் வந்து காற்று எப்படி, தண்ணீர் தெளிவா, நேற்று என்ன கிடைத்தது என்று நச்சரித்தார்கள். நாற்பதாவது ஆள் கேட்டதும் எழுந்து போனாள். உடைந்த அலமாரியின் கதவு ஒன்று என் கொட்டகையில் கிடந்தது. என்னைக் கேட்காமலே எடுத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சாக்பீஸால் எழுதிக் கடை வாசலில் சாத்திவிட்டாள். தொண்டை சரியான பிறகும் பலகை நின்றுவிட்டது. அப்போதிலிருந்து அவள் பலகை அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவனுக்கும் அக்காதான்.

பலகையில் நாலைந்து வரிதான் இருக்கும். காற்று: கரையிலிருந்து, லேசாக. தண்ணீர்: மேற்கே தெளிவு, நடுவில் கலங்கல், கிழக்கே சேறு. வற்றுவது பதினொன்றரை மணிக்கு. நேற்று: மேற்குப் பாறையில் கலவா ஆறு, நடுவில் மடவை வாரி வாரி. இரை: உயிர் இறால் உண்டு, கணவாய் தீர்ந்தது. இவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்காமல் ஒருவனும் கயிற்றை அவிழ்க்க மாட்டான்.

ஏன் என்று சொல்கிறேன். தூண்டில் போடுகிறவனிடம் எங்கே பிடித்தாய் என்று கேட்டால் நிஜத்தைச் சொல்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. வீட்டில் பத்தரைமாற்றுத் தங்கமாக இருப்பான், படகை விட்டு இறங்கினால் வாயில் வருவதெல்லாம் புளுகு. வடக்கே பிடித்தவன் தெற்கே என்பான். ஒன்றும் பிடிக்காதவன் இழுத்து இழுத்துக் கை வலிக்குது என்பான். ஒருத்தருக்கு ஆறடி என்றே பெயர். ஆள் ஐந்தடி தாண்ட மாட்டார், அவர் தூண்டிலிலிருந்து தப்பிய மீன் ஒவ்வொன்றும் ஆறடி. தப்பியதற்குச் சாட்சி ஏது?

என் வீட்டுக்காரி ஒருவர் வாயையும் நம்ப மாட்டாள். கையை விரித்துக் காட்டினால் மனசுக்குள் பாதியை வெட்டிவிடுவாள். நங்கூரத்தில் ஒட்டியிருக்கிற மண்ணைப் பார்ப்பாள், கறுப்புச் சேறா வெள்ளை மணலா என்று. மேடையில் மீனை அறுக்கும்போது ஜன்னல் வழியாகக் குடலைப் பார்ப்பாள். மிச்சம் கொண்டுவந்த இரையைப் பார்ப்பாள். பிறகு சாக்பீஸை எடுத்து, அவன் எங்கே பிடித்தானோ அந்த இடத்தை அப்படியே எழுதிவிடுவாள். ஒரு பஸ் டிரைவர் தன் இடம் பலகையில் ஏறிய கோபத்தில் இரண்டு வாரம் பேசவில்லை. "பொய் எழுதியிருந்தா சொல்லு, அழிச்சிடறேன்" என்றாள். அவர் என்ன சொல்வார்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து இறால் வாங்கிப் போனார். துறையில் எந்தச் சண்டை வந்தாலும், "பலகையில இருக்கா, இல்லையா?" என்பதுதான் கடைசிப் பேச்சு.

அவளுக்கு ஒரு தம்பி. எனக்கு மச்சினன். எட்டு வயது இளையவன், இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அந்தச் செல்லம் இன்னும் இறங்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கிடங்கில் வேலை ஏறுவான். அதற்கு முன்னால் காலையில் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவான். ஆறு மாதமாக அவனுக்கு யோகம். ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுவா. அதுவும் சின்னதில்லை, தூக்கினால் தோள் வலிக்கிற கொடுவா. "எங்கடா?" என்றால் "மேற்குப் பாறை மாமா" என்பான். பலகையிலும் அப்படியே ஏறும். அதைப் படித்துவிட்டு ஊரே மேற்குப் பாறைக்குப் போய், தூண்டிலைப் பாறையில் மாட்டி அறுத்துக்கொண்டு, வெறுங்கையோடு வரும். அவனுக்குக் கைராசி என்று நான்கூட நினைத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பலகையில் கிழக்குக்கு மட்டும் ஆறு மாதமாக ஒரே வரிதான். 'கிழக்கே சேறு, போக வேண்டாம்.' அதை யாரும் சந்தேகப்படவில்லை. கிழக்குக் கரையில் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுகிறது, முழங்கால் ஆழம்கூட இல்லாத இடங்கள் உண்டு. போன படகின் இன்ஜின் விசிறி உடைந்து என் கொட்டகைக்குத்தான் வரும்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு மச்சினன் கிளம்பியதை நானே பார்த்தேன். கையை ஆட்டிவிட்டு மேற்கே திரும்பினான். பதினொன்றே முக்காலுக்கு அவன் மனைவி வந்து நின்றாள். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது.

"அண்ணே, அவர் இன்னும் வரல. வேலைக்கு நேரமாச்சு. ஃபோன் அணைச்சு வச்சிருக்கு."

ஃபோனை அணைத்து வைப்பது அவன் வழக்கம்தான். யாராவது கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டுவிட்டால்? ஆனால் அவன் வேலைக்கு மட்டம் போடுகிறவன் இல்லை. துறைமுக ரோந்துப் படகுக்குச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு ரோந்துப் படகும் கூட நாலு படகும் மேற்கே போயின. தங்கச்சி துறையின் நுனிக்குப் போய் மேற்கே பார்த்தபடி நின்றுகொண்டாள். வா, உட்கார் என்று எவ்வளவோ சொன்னேன், அசையவில்லை.

என் வீட்டுக்காரி கடைக்குள்ளேயே இருந்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை. இறால் தொட்டியில் வலையை விட்டு எடுத்து, விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள் இப்படி இருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு மணிக்கு ரோந்து அதிகாரி கம்பியில்லாக் கருவியில் பேசினார். மேற்குப் பாறை முழுக்கப் பார்த்தாயிற்று, ஆளும் இல்லை, படகும் இல்லை. கரைக்காற்று வலுத்திருக்கிறது, இன்ஜின் நின்றிருந்தால் வெளிக்கடலுக்குத் தள்ளியிருக்கும், இருக்கிற படகெல்லாம் அனுப்புங்கள் என்றார். மிச்சம் இருந்தது ஆறடியின் அடி தட்டையான படகு ஒன்றுதான். அவர் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் இவள் கடையை விட்டு வெளியே வந்தாள்.

"மேற்கே போகாதீங்க. அவன் அங்க இல்ல."

நுனியில் நின்ற தங்கச்சி திரும்பினாள். "அங்கதான் அண்ணி போனாரு. காலைல என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாரு. தினமும் அங்கதானே போறாரு."

"தினமும் பொய் சொல்லிட்டுப் போறான்."

"நான் கண்ணால பார்த்தேன்டி," என்றேன் நான். "மேற்கேதான் திரும்பினான்."

"முனை தாண்டுற வரைக்கும் மேற்கே. அப்புறம் சுத்திக்கிட்டு கிழக்கே போயிடுவான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு தெளிவாக வந்தது. "பாறையில தூண்டில் போடுறவன் வாரத்துக்குப் பத்து ஈயக்குண்டு தொலைப்பான். இவன் ஆறு மாசமா என்கிட்ட ஒண்ணுகூட வாங்கல. மீனை அறுத்தா வயித்துல சேத்து நண்டுக் குஞ்சு. மேற்கே ஏது சேறு? நங்கூரக் கயிறு காஞ்சு போய்க் கிடக்கு. நங்கூரம் போடாம அந்தப் பாறைகிட்ட ஒரு நிமிஷம் நிக்க முடியுமா? எங்கயோ படகைக் கட்டி நிறுத்துறான். கட்டி நிறுத்துறதுக்குக் கம்பம் இருக்கிறது ஒரே இடம்தான். கிழக்கே, இடிஞ்ச பழைய துறை."

ஆறடி கேனைக் கீழே வைத்தார்.

"இது எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசமா பலகையில என்ன எழுதினீங்க?"

இவள் கடை வாசலுக்குப் போனாள். பலகையில் அந்தக் கிழக்கு வரியை உள்ளங்கையால் அழித்தாள். கை வெள்ளையாகிவிட்டது.

"பொய் எழுதினேன். உங்க எல்லார் இடத்தையும் போட்டு உடைச்சேன், என் தம்பி இடத்தை மறைச்சேன். அவன் கொடுவாவோட வந்து நிக்கிறப்ப அந்த மூஞ்சியைப் பார்த்து எழுத மனசு வரல. அப்புறம் நிக்க வச்சுத் திட்டுங்க. இப்ப படகை எடுங்க."

"இந்தத் துறையிலயே சேத்துல போற படகு என்னுது ஒண்ணுதான்," என்றார் ஆறடி. அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் அங்க போயிடக் கூடாதுன்னுதானேம்மா எழுதினீங்க?"

"ஆமா."

பதினொரு வருஷம் அக்கா என்று கூப்பிட்ட மனிதர், இப்போது அம்மா என்கிறார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். எனக்கும்தான் அவள் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிறவன், நானும் அந்தப் பலகையைப் படித்து ஏமாந்தவன்தான். ஆனால் அப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இவள் கணக்கு தப்பாக இருந்தால்? அவன் வெளிக்கடலில் மிதந்துகொண்டிருக்க, இருக்கிற ஒரே படகும் எதிர்ப்பக்கம் போகும். கருவியில் விஷயத்தைச் சொன்னதும் ரோந்து அதிகாரியும் அதையேதான் கேட்டார். "உறுதியா சொல்றீங்களாம்மா? தப்பாப் போச்சுன்னா..."

"தப்பாப் போச்சுன்னா போறது என் தம்பி. அது எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "பதினொன்றரைக்குத் தண்ணி வத்தியாச்சு. படகு தரை தட்டியிருக்கும். பேசாம உக்காந்திருந்தா தண்ணி ஏறினதும் தானா மிதந்து வந்துடலாம். அவன் உக்கார மாட்டான். பன்னெண்டு மணிக்கு வேலை, இறங்கித் தள்ளுவான். அந்தச் சேத்துல இறங்கினா ஏற முடியாது. தண்ணி ஏற ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரமாச்சு."

ஆறடி அவளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "ஏறுங்க" என்றார்.

நானும் ஏறினேன். இவளும் ஏறினாள். "நீ எதுக்குடி?" என்றேன். துறை தாண்டுவதற்குள் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்துக்கொண்டே ஒரு கையால் வழி காட்டினாள். அவள் அந்தப் பக்கம் வாழ்க்கையில் போனதில்லை. எல்லாரும் சொன்ன பொய்களிலிருந்தே அவளுக்கு வளைகுடாவின் அடித்தரை முழுக்க மனப்பாடம். "இன்னும் இடது பக்கம். அங்க மேடு இருக்கு, ஒதுங்கிப் போங்க." ஆறடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சொன்ன பக்கம் திருப்பினார். எங்கள் விசிறி ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை.

முக்கால் மணி நேரம் போன பிறகு அவன் படகு தெரிந்தது. காற்றுக்குத் தானாகச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

இவள் ஒரு சத்தம் போட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். ஆறடி மட்டும் இன்ஜினை நிறுத்திவிட்டு, "சும்மா இருங்க, கேக்க விடுங்க" என்றார்.

இன்ஜின் நின்ற பிறகுதான் கேட்டது. பழைய துறையின் கம்பங்கள் பக்கமிருந்து, கம்மிப்போன குரலில் யாரோ ஏய் ஏய் என்று கத்துகிறார்கள்.

ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தொடை வரைக்கும் சேற்றில், மார்பு வரைக்கும் தண்ணீரில். தரை தட்டிய படகைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துவிட்டுத் தள்ள இறங்கியிருக்கிறான். கால் புதைந்துவிட்டது. தண்ணீர் ஏறியதும் படகு மிதந்து அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டு மணி நேரமாக அப்படியே நிற்கிறான். உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பத்தில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்து இரண்டு முன்கையிலும் ரத்தம். எங்களைப் பார்த்ததும் அந்த ஜென்மம் என்ன கேட்டது தெரியுமா?

"அக்கா... போயும் போயும் ஆறடி அண்ணனையா கூட்டிட்டு வந்த?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே முக்கியிருப்பேன். ஆறடி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே உட்காரும் பலகையைக் கழற்றிப் படகின் விளிம்புகளுக்குக் குறுக்கே போட்டு, ஐந்தடி உடம்பையும் அதன்மேல் நீட்டிப் படுத்தார். துடுப்பை அவன் கால் ஓரமாகக் குத்திக் குத்தி ஆட்டினார். தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் சேறு பிடியை விடும். நான் அவன் அக்குளில் கயிற்றைப் போட்டு இழுத்தேன். இவள் பின்னால் என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு கால் வர இருபது நிமிஷம். இரண்டாவது கால் வருவதற்குள் தண்ணீர் அவன் தாடைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் ஆறடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "விட்டுடாதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறடியும் விடவில்லை.

துறைக்கு வந்து சேர மூன்றரை ஆயிற்று. மேற்கே போன படகுகளும் திரும்பியிருந்தன. இரைக் கடைக்குள் ஸ்டூலில் உட்கார வைத்து, என் கொட்டகையிலிருந்த கம்பளியைப் போர்த்திவிட்டோம். ரோந்து அதிகாரி ஒரு தம்ளரில் சூடாக டீ கொடுத்தார். ஒரு வாய் உள்ளே போனதுமே பயலுக்குப் பழைய வாய் வந்துவிட்டது.

"இவ்ளோ ஆர்ப்பாட்டம் எதுக்கு மாமா? தலை வரைக்கும் தண்ணி வராது அங்க. இன்னும் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருப்பேன்."

இவள் அவன் தலைமுடியில் காய்ந்த சேற்றை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறடி வாசலில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

தங்கச்சி அதுவரை கடைக்குள் வரவில்லை. அவனைக் கைத்தாங்கலாக இறக்கியபோதுகூடத் தள்ளியே நின்றாள். இப்போது ஆறடியைத் தாண்டி உள்ளே வந்து அவன் எதிரே நின்றாள். வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தது, கண்ணெல்லாம் சிவப்பு.

"பன்னெண்டு மணியில இருந்து அந்த நுனியில நின்னேன்," என்றாள். "மேற்கேன்னு நீ சொன்ன, அதனால மேற்கேயே பார்த்தேன். கண்ணு எடுக்கல. ஒரு சின்ன புள்ளி தெரிஞ்சாக்கூட நீதான்னு நெனச்சேன். நீ என் முதுகுக்குப் பின்னாடி செத்துக்கிட்டு இருந்திருக்க."

அவன் வாயைத் திறந்தான். எங்கே, எப்படி, எத்தனை அடி என்று எதற்கும் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறவன். ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரி அவன் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதாள். அவன் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினான். தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிடித்துக்கொள்ள வெகு நேரமாயிற்று.